காற்று வடகிழக்கு

கேப்டன் சொல்லச் சொல்ல எழுதுவது என் வேலை.
வாரத்துக்கு இரண்டு கினி, மதியச் சாப்பாடு.
நாய்கள் காலில் ஏறிப் படுத்தால்
பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எவரார்ட் பென்ஹாலோ,
கார்ஸ்டன் கோமகனின் மூன்றாம் பிள்ளை.
மூத்தவனுக்கு நிலம், அடுத்தவனுக்குத் தேவாலயம்,
மிச்சமிருந்தது கடல்.
பதின்மூன்று வயதில் ஏற்றிவிட்டார்கள்
ஒரு வெள்ளிச் சீப்போடும் ஒரு வாளியோடும்.
சீப்பை பிஸ்கே குடாவில் தொலைத்தேன் என்கிறார்,
வாளியை ஒரு வருஷம் கீழே வைக்கவில்லை.
இதை எழுதாதே.

எழுதியது:
பால்டிக் முற்றுகை, பனிப்பாளம் பலகையில் உரசும் சத்தம்,
முப்பது வயதில் சொந்தமாய் ஒரு கப்பல்,
புயலிலும் பாய்மர உச்சிக்கு எட்டும் குரல்.
அந்தக் குரலை நம்பித்தான்
கட்சிக்காரர்கள் அழைத்துப்போனார்கள்.
நாடாளுமன்றத்தில் முதல் நாள்
'மதிப்பிற்குரிய' என்று ஆரம்பித்ததுமே
எதிர்வரிசைக் கிழவர் ஒருவர்
காதைப் பொத்திக்கொண்டாராம்.
சொல்லிவிட்டு அவரே சிரிக்கிறார்
இருமல் வரும்வரை.

நேற்று கப்பல் நாட்குறிப்பு.
உப்பேறி ஒட்டிய தாள்களைப்
பேனாக்கத்தியால் பிரித்து வாசித்தேன்:
செப்டம்பர் ஒன்பது. காற்று வடகிழக்கு, மிதம்.
சைலஸ் க்ரப், ரம் திருடியதற்கு, இருபத்து நான்கு.
மாட்டிறைச்சிப் பீப்பாய் ஒன்று திறக்கப்பட்டது.

காற்றுக்கும் இறைச்சிக்கும் நடுவே
ஒரு முதுகு.

ஜன்னல் பக்கம் போனார்.
நான் கேட்காமலே சொன்னார்:
அவனை மறுபடி பார்த்தேன், செயின்ட் ப்ரேக் தேர்தலில்.
அப்போது ரகசிய வாக்கு கிடையாது.
மேடையேறி, ஊர் கேட்கப் பெயர் சொல்ல வேண்டும்.
பீப்பாய் செய்துகொண்டிருந்தான்,
வீடு இருந்தது, அதனால் வாக்கும்.
எவனோ எறிந்த முட்டைக்கோசு
என் தோளில் இன்னும் ஒட்டியிருந்தது.
தொப்பியைக் கழற்றாமல் ஏறினான்.
பென்ஹாலோ, என்றான்.
வெறும் பென்ஹாலோ.

ஏன் என்று கேட்டுவிட்டேன், இறங்கியதும்.
'அங்கே எழுந்து நின்று
அனுமதி வாங்கித்தான் பேசணுமாமே.
நீங்கள் நிற்பதை நினைத்துப் பார்த்தேன்.
நன்றாயிருந்தது.'

பதினோரு வாக்கில் ஜெயித்தார்.
பதினாறு ஆண்டு எழுந்து நின்றார்
கலங்கரை விளக்குக்கு, சாக்கடைக்கு,
நங்கூரச் சங்கிலியின் தரத்துக்கு.
கசையடியை ஒழிக்கும் மசோதா வந்த இரவில்
மணியடித்துக் கதவு சாத்தும்வரை
தேநீர் அறையில் இருந்திருக்கிறார்.
ஆம் என்றவர் பட்டியலில் பெயர் இல்லை.
இல்லை என்றவர் பட்டியலிலும்.
தேடிப் பார்த்துவிட்டேன்.

என்ன எழுதட்டும், கேப்டன்?

நாயின் காதில் உண்ணி தேடிக்கொண்டிருந்தார்.
காற்றை எழுது, என்றார்.
எழுதினேன்: வடகிழக்கு, மிதம்.
மை காயவில்லை,
அடி அதை, என்றார்.
அன்று காற்றே இல்லை.
எண்ணியது
கப்பல் முழுக்கக் கேட்டது.