ஐந்தாம் வகுப்பில் ஆறு

பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர்.
எங்கள் ஆறு ஐந்தாம் வகுப்பில் இருக்கிறது,
தேறினால் நான்காம் வகுப்புக்கு வரும்.
முதல் வகுப்பு எங்கோ மேலே, அணைக்கும் அப்பால்.
பிறந்த அன்று மட்டும் அங்கே இருந்தது.

பேர் சுங்கை பத்து.
பத்து என்றால் மலாயில் கல்.
தமிழில் எழுதினால் பத்து ஆறு.
கணக்கு எழுதுகிறவளுக்கு
இரண்டு எண்களுக்கு நடுவே குறி ஒன்று விட்டுப்போனதுபோல்
ஒவ்வொரு முறையும் பேனா தயங்கும்.

எனக்கு வாரம் மூன்று நாள் வேலை.
செந்தூலில் டயர்க்கடைக்கு மேல்மாடி.
ஜன்னலில் ஆறு தெரியாது.
ரசீதில் தெரியும்:
கையுறை இருபது சோடி,
எலிக்காய்ச்சல் மாத்திரை,
மார்புவரை ஏறும் ரப்பர் உடுப்பு ஒன்று,
அதற்கே சைக்கிள் டியூப் ஒட்டு, மூன்று வெள்ளி.

நஜ்வானுக்குக் குப்பைத் தடுப்பு.
நளாயினிக்குச் சோதனைக் குப்பி.
மே யீ விண்ணப்பம் எழுதுவாள்.
நன்கொடை தரும் கம்பெனிக்காரர்கள்
சனிக்கிழமை ஒரே நிறச் சட்டையில் வந்து
படம் எடுத்துக்கொண்டு பத்தரைக்குள் போய்விடுவார்கள்.
அவர்கள் பொறுக்கக் கொஞ்சம் விட்டுவைக்கும்படி
வெள்ளியன்றே அவள் நினைவுபடுத்த வேண்டும்.

சம்பளம் இருபத்தெட்டாம் தேதி.
வராத மாதத்தில் 'வரும்' என்று சொல்வது என் வேலை.
யாரும் முகம் சுளிப்பதில்லை.
அதுதான் கஷ்டம்.

திங்கட்கிழமை ஆள் போதாமல்
என்னையும் கரைக்குக் கூப்பிட்டார்கள்.
இரவெல்லாம் மழை.
தடுப்பில் முட்டிக்கொண்டு நின்றது ஊர்:
மெத்தை, டுரியான் தோல், எண்ணெய் டின், ஹெல்மெட்,
ஒற்றைச் செருப்புகள். பெரும்பாலும் இடதுகால்.
வலதுகால்கள் எந்த ஆற்றில் போகின்றனவோ.
பால்மாவு டின்னுக்குள் ஒரு மாநகராட்சி மீன்.
மலாயில் அதற்குப் பேரே அப்படித்தான்.
அழுக்கைத் தின்னும்,
தட்டினாலும் அசையாது.

மரத்தடியில் வரிசையாகச் சாமிப் படங்கள்.
கண்ணாடி உடைந்தவை, சட்டம் உப்பியவை.
மயில்மேல் ஒரு நத்தை ஏறிக்கொண்டிருந்தது.
நஜ்வான் அவற்றைக் குப்பைப் பையில் போடுவதில்லை.
"யாரு வீட்டுதோ. கேட்டு வரட்டும்."
இதுவரை யாரும் வந்ததில்லை.

எண்ணச் சொன்னாள் நளாயினி.
பதினொன்று.
ஏழாவதைத் திருப்பினேன்.
பின்னட்டையில் நீல மை, புதுவீடு புகுந்த தேதி.
ஏழுக்கு நடுவே கோடு போடுகிறவர்கள்
உலகத்தில் ஆயிரம் பேர் இருக்கலாம்.
இது என் கோடு.

தீபாவளிக்கு முந்திய வாரம்.
பாலத்தில் கார், மினுங்கும் விளக்கு,
ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.
குப்பையில் போட்டால் பாவம் என்றுதான்
ஆற்றில் போட்டேன்.
அப்போது இந்த வேலைக்கு வந்து எட்டு மாதம்.

படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.
'இதர' என்ற இடத்தில் பதினொன்று எழுதினேன்.
நஜ்வான் என் கையிலிருந்ததை வாங்கி
சட்டை நுனியால் துடைத்து
இருந்த இடத்திலேயே சாத்தினான்.

பாலத்தடியிலிருந்து நளாயினி கத்தினாள்:
ஆக்ஸிஜன் ஒன்று புள்ளி இரண்டு!
ஒன்றைத் தாண்டினால் நான்காம் வகுப்பு.
மே யீ கம்பெனிக்குச் சொல்லப் போனை எடுத்தாள்.
"வேணாம். மழை பேஞ்சா எந்த ஆறும் பாஸாகும்.
நாலு நாள் வெயில் அடிக்கட்டும். அப்ப பாப்போம்."

வெள்ளிக்கிழமை வெயில்.
எனக்கு வேலை இல்லாத நாள்.
கரையில் நஜ்வான் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.
"இன்னிக்கு லீவுதானே?"
"ஏழாவது படம்," என்றேன்.
"கேட்டு வந்திருக்கேன்."

அவன் என்னைப் பார்த்தான், பிறகு படத்தை.
வேனுக்குள் தலையை விட்டு
பிளாஸ்டிக் அல்லாத பை ஒன்று தேடத் தொடங்கினான்.
வெகுநேரம் தேடினான்.

கீழே நளாயினி, யாருக்கென்று இல்லாமல்,
பூஜ்யம் புள்ளி எட்டு என்றாள்.