இரும்பு மீன் இரண்டு

ஆ கியோங் பட்டறைச் சுவரில்
சாய்த்து வைத்திருக்கிறான் இரும்பு மீன் இரண்டு.
செதிலில்லை, கண்ணில்லை,
முக்கோணத் தகட்டின் மூக்கில் மட்டும் ஈயம்.
படகின் இருபுறமும் கைமரம் நீட்டி
சங்கிலியில் தொங்கவிட்டால்
புரட்டும் அலையை இவை பிடித்துக்கொள்ளுமாம்.
"ஏழாயிரத்து எண்ணூறு வெள்ளி.
உனக்கென்றால் ஏழாயிரத்து அறுநூறு."

ஸ்டெபிலைசர் என்றதும்
ஐஸ்பெட்டிக்கா என்று கேட்டாள் அண்ணி.
எல்லாரும் சிரித்தோம்.
தேவசகாயம் அண்ணன் சிரிக்கவில்லை.
முழங்கால் இரண்டும் போன பிறகு
கடல் அவனுக்குப்
பிடித்து நிற்கக் கம்பி தேடுகிற இடம்.
போன வாரம் பெர்ணாம் ஆற்று வாய் தாண்டியதும்
பக்கத்திலிருந்து வந்த ஓர் அலையில்
சுடுகோப்பி தொடையில் கவிழ,
வலையை விட்டுவிட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டானாம்.
ரோஸ்லான் சொன்னான். அண்ணன் சொல்லவில்லை.

படகில் பாதி என் பணம்.
ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
லோரி நிறுக்கிறவள் நான், பத்தொன்பது வருஷமாய்.
குலையேற்றிய லோரி மேடையில் ஏறியதும்
எண் துள்ளும்,
மேலே போகும், கீழே வரும்.
நிற்கும்வரை பேனாவைத் தொடமாட்டேன்.
டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள்.
அடிக்கட்டும்.

படகுக்கு வயது இருபத்தாறு.
செங்கால் பலகை இன்னும் ஆணியைக் கடித்துப் பிடிக்கிறது.
விலாக்கட்டைகளில் மூன்று மட்டும்
தட்டினால் வேறு குரலில் பேசுகின்றன.
கைமரம் ஊன்ற வேண்டிய இடம் சரியாக அங்கே.
ஒரு சங்கிலி அறுந்தால்
மிச்ச மீன் படகைத் தன் பக்கம் சாய்த்துவிடும்,
இதையும் ஆ கியோங்கே சொன்னான்,
விலை பேசி முடித்து, கதவு சாத்தும்போது.

ஞாயிற்றுக்கிழமை. நீரேற்றம் நின்று
இறக்கம் தொடங்காத கொஞ்ச நேரம்.
கட்டுக்கயிற்றைத் தளர்த்தினோம்.
ரோஸ்லான் ஒரு விளிம்பை மிதித்து மிதித்து
படகை ஆட விட்டான்.
படகுத்துறையில் கைப்பேசியோடு நான்.
போய்த் திரும்பினால் ஒன்று.
பத்து ஆட்டத்துக்கு அறுபது விநாடி.

பழைய சொந்தக்காரர் டான் விட்டுப்போன நோட்டில்
பென்சிலால் எழுதியிருக்கிறது: ஓர் ஆட்டம், நாலு விநாடி.

வெடுக்கென்று ஆடும் படகு வயிற்றைப் புரட்டும்.
மெல்ல ஆடும் படகோ
சாய்ந்த இடத்தில் நின்று
திரும்பலாமா என்று யோசிக்கிறது.

நிமிர்ந்து பார்த்தேன், அறையின் கூரையை.
தண்ணீர்த் தொட்டி. உபரி நங்கூரம்.
மழைக்கென்று போட்ட இரண்டாவது தகரம்.
உடைந்த ஜெனரேட்டர்,
பாகம் கிடைத்தால் ஆகும் என்று.
பதினொரு வருஷம் "மேலே வை" என்று வைத்தவை.
வாங்கியதெல்லாம் கணக்கில் இருக்கிறது,
என் கையெழுத்தில், தேதியோடு, விலையோடு.
எடை எழுதவில்லை.

இறக்கினோம். தொட்டியைக் கழற்ற
ரோஸ்லானுக்கு ஒரு நகம் போனது.
லோரி பிடித்து, ஆலை மேடையில் ஏற்றி,
எண் நிற்கும்வரை காத்திருந்தேன்:
முந்நூற்று நாற்பது கிலோ.
மானேஜர் எட்டிப் பார்த்து
எந்தத் தோட்டத்துக் குலை என்றார்.

மறுபடி எண்ணினோம்.
ஐந்து.
நாலு இல்லை, ஐந்து.

"என் முழங்காலுக்கு எண்ணத் தெரியாது"
என்றான் அண்ணன்.
அதுவும் சரிதான்.
விலாக்கட்டை மூன்றும் மாற்ற
எவ்வளவு ஆகுமென்று கேட்டு வந்திருக்கிறேன்.
அவன் தீபாவளிவரை எடுத்துவைக்கச் சொல்லி
ஆ கியோங்கிடம் நூறு வெள்ளி முன்பணம் தந்திருக்கிறான்.
எனக்குத் தெரியாதென்று நினைக்கிறான்.

வேலை முடிந்து அந்தப் பக்கமாய் வருகிறேன்.
பட்டறைக்கு வெளியே தள்ளிவிட்டார்கள் போல.
இரும்பு மீனின் மடிப்பில் மழைத்தண்ணீர்,
அதில் கொசுப்புழு நாலைந்து
தலைகீழாய்த் தொங்கி
ஆடிக்கொண்டிருக்கின்றன.