இரைச்சல் எனக் குறிக்கவும்

நிலையத்திலிருந்து எண்ணூறு மீட்டர்,
பனிக்கு அடியில் பன்னிரண்டு மீட்டர்.
அங்கேதான் என் கருவி
காதைத் தரையில் வைத்துக் கிடக்கிறது.
பெரு நாட்டுக் கரையில் பாறை புரண்டால்
கால்மணிக்குள் சொல்லிவிடும்.
பதின்மூன்று பேர் தூங்கும் கட்டில்களுக்குக் கீழே
அலை கடந்து போகும்.
ஒரு கரண்டிகூட அசையாது.

மே மாதம் சூரியன் போன பின்
அதிகாலை மூன்று மணிக்கு
(அதிகாலை என்பது கடிகாரம் மட்டும் சொல்வது)
கோட்டில் சின்னச் சின்ன முட்கள் முளைத்தன.
நெருங்கும், பெரிதாகும்,
நின்றுவிடும்.
ஆறு நிமிடம் கழித்துத் திரும்பிப் போகும்.

ஒன்றுவிட்டு ஒன்று, கொஞ்சம் கனம்.
காலையில் ரொட்டித் தட்டோடு
ஒம்ப்ரெத்தா சமையலறையிலிருந்து வந்தபோது
பார்த்தேன்:
இடது கால்.

தனியாக வெளியே போகக் கூடாது.
ரேடியோ இல்லாமல் கயிற்றைத் தாண்டக் கூடாது.
விதிகள் சாப்பாட்டறைக் கதவில் ஒட்டியிருக்கின்றன,
ஓரத்தில் அவளுடைய மாவுக் கைரேகையோடு.

தலைவர் குவெனாயெலிடம் நான் சொல்லவில்லை.
சொல்லாதது சரி என்று நினைக்கவும் இல்லை.
தினமும் மூன்று மணிக்கு விழித்திருந்தேன்,
அவ்வளவுதான்.

ஜூலையில் ஓர் இரவு, மைனஸ் அறுபத்தெட்டு,
முட்கள் வந்தன, நின்றன.
ஆறு நிமிடம்.
ஒன்பது.
பதினொன்றில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன்.
இரண்டு கையுறையுமே இடது கைக்கானவை என்பது
வெளியே போன பிறகுதான் தெரிந்தது.

கயிற்றைப் பிடித்துப் போனேன்.
மூச்சு உறைந்து காதோரம் நொறுங்கியது.
கருவிக் குழியின் மூடிமேல் உட்கார்ந்திருந்தாள்,
விளக்கை அணைத்துவிட்டு.

"இங்கேதான் ஜெனரேட்டர் கேட்காது."

நின்று கேட்டேன்.
எட்டு மாதமாகப் பல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒன்று
இல்லை.

"ரொட்டி கருகிவிடும்" என்றேன்,
வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.
"மாவே இன்னும் பிசையவில்லை" என்றாள்.
என் வலது கையை
தன் அங்கிக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள்,
ஏதோ ஈஸ்ட் பொட்டலத்தை வைப்பது போல.

ஆகஸ்டில் ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து கேள்வி வந்தது:
பதினேழாம் தேதிப் பதிவில்
வரும்போது தனித்தனியாக,
போகும்போது இரண்டும் ஒன்றாக.
மூலம் என்ன?

காற்று என்று தட்டினேன்.
காற்றுக்கு ஏது இடது கால், அழித்தேன்.

மனித இரைச்சல்.
ஆய்வுக்கு உதவாது.
நீக்க வேண்டாம்.