உன் நடைக்குள் ஒளிந்தவன்

பிரகாசா,
நேற்று ரோகிணி வண்டியைக் கொண்டுவந்து விட்டாள்.
இடது கதவில் முழங்கை அளவுக்கு நசுங்கல்.
ஹிகின்சன் சாலை வளைவில், மழையில்,
மினிபஸ் டாக்சி உரசிவிட்டதாம்.
காசு வேண்டாம் என்றேன்.
ஏன் என்றாள்.
அந்த ஏனுக்குத்தான் இது.

முப்பத்திரண்டு வருடமாகத் தகரம் தட்டுகிறேன்
சாட்ஸ்வொர்த்தில்.
நகக்கண்ணில் போகாத கறுப்பு, மீசை, தொப்பை,
சனிக்கிழமை கால்பந்துக் கூச்சல்.
எனக்குப் பூ அடுக்க வராது, ஆட வராது,
என் சட்டைக்கும் கால்சட்டைக்கும் தீராத பகை.
இதையெல்லாம் பார்த்துத்தான்
தேவேந்திரனும் நானும் ஒரே கூரைக்கடியில்
பதினோரு வருடம் இருந்ததை
வாடகை மிச்சம் என்று தெரு புரிந்துகொண்டது.

போன வருடம் உள்துறை அலுவலகத்தில்
கையெழுத்துப் போட்டோம்.
சித்தி முதலில் கேட்டது:
"உங்கள்ல யாருடா பொண்டாட்டி?"
தேவா கணக்கு எழுதுகிறவன், யோசித்துச் சொன்னான்:
"பூஜ்யம், சித்தி.
ரெண்டு பேர் சமையலும் விளங்காது."
அவள் சிரிக்கவில்லை.
சுலோசனா மாதிரி நீயும் சேலைக்கு மாறுவியா என்றாள்
ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல்
என் தோளைப் பார்த்தபடி.

பம்பர் மாற்ற வந்த சுலோசனாவிடம் சொன்னேன்.
ஒரு உவமைகூடத் தயாராக வைத்திருந்தேன்:
"வண்டியோட நிறத்தைப் பார்த்து
அது எந்த ஊருக்குப் போகுதுன்னு சொல்றாங்க, அக்கா."
"என்னை வண்டியாக்காதே" என்றாள்.
"நான் பொம்பளை. அது நான் யாருங்கறது.
யாரை நினைச்சுத் தூக்கம் கெடுதுங்கறது வேற சமாச்சாரம்.
எனக்கு இப்போ யாரை நினைச்சும் கெடலை,
முட்டிவலியில கெடுது.
நீ ஆம்பளை. ஆம்பளையை நினைக்கிற ஆம்பளை.
இதுக்கு எதுக்குடா உவமை?
பம்பரைப் பாரு."

பார்த்தேன்.
குனிந்து திருகாணியைக் கழற்றும்போதுதான்
முப்பத்தெட்டு வருடம் தள்ளியிருந்து நீ வந்தாய்.

பள்ளி மைதானம். பதினான்கு வயது.
சலங்கைப் பையை மார்போடு அணைத்தபடி நீ.
பேசினால் உன் கைகள் பறக்கும்.
நடந்தால் ஒரு தாளம் கூடவே வரும்.
பையன்கள் உனக்கொரு பெயர் வைத்தார்கள்.

வைத்தார்கள் இல்லை.
வைத்தேன்.

எல்லோரும் உன் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தவரை
கோல்கீப்பர் நவநீதன் பக்கமே திரும்பிக்கொண்டிருந்த
என் கண்ணை யாரும் பார்க்கவில்லை.
உன் பையைக் குழாயடிச் சேற்றில் எறிந்தவனும் நான்தான்.
நாயுடு சார் என் முதுகில் தட்டினார்:
"ஆம்பளைப் பிள்ளை!"
அந்தத் தட்டல் இருபது வருடம் இனித்தது,
நாக்கு புண்ணாகும்வரை.

நீ அப்படியே நடந்தாய்.
ரோகிணிக்காக தினமும் மூன்று பஸ்ஸைத் தவறவிட்டாய்.
உன் கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில்
எவனோ கிசுகிசுத்தான், "எத்தனை நாளைக்கு?"
பெரிய பிள்ளைக்கு இப்போது இருபத்தி நாலு.
அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.
பிரியாணியை மென்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பெயர் வசவு என்பதற்காக
மன்னிப்புக் கேட்கவில்லை, பிரகாசா.
அது என் முகவரி.
உன் முதுகில் ஒட்டிவிட்டேன்.
என் வீட்டுக்கு வரவேண்டிய கல்லெல்லாம்
உன் வீட்டுக்கு வந்தது.

கதவு சரியாகிவிட்டது.
நசுங்கலை வெளியிலிருந்து இழுத்தால் தகரம் கிழியும்,
உள்ளே கைவிட்டு, உள்ளிருந்துதான் தட்டவேண்டும்.
(சுலோசனாவிடம் சொல்லிவிடாதே, மறுபடி உவமை.)

நிறம் மட்டும் அச்சாக ஒத்துவரவில்லை.
வெயிலில் நிறுத்திப் பார்த்தால் தெரியும்.
வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்.
நீயே வா.
ரோகிணியை அனுப்பாதே.