ஆறு கம்பிகள்

சனிக்கிழமை ஆறு மணிக்குக் கறிக்கடையைக் கழுவிவிட்டு
நகக்கண் ரத்தத்தைச் சுரண்டியபடி
லீத் துறைமுக மதுக்கடைக்குப் போவான் முர்டோ,
கிதார் வாசிக்க.

ஆள் வராத ஒரு வியாழன் மதியம்
அகராதியில் ‘கார்ட்’ என்ற சொல்லைத் தேடினான்.
பல சுரம் ஒன்றாய் ஒலிப்பது.
வேர்: நெஞ்சோடு நெஞ்சு ஒத்துப்போதல்.
பிறகு யாரோ அதை யாழ் நரம்பென்று எண்ணி
நடுவில் ஓர் ஊமை எழுத்தைச் செருகிவிட்டார்கள்.
அந்த நரம்போ, கிரேக்கத்தில்
வெறும் குடல்.

கல்லாவில் தனியாகச் சிரித்தான்.
நெஞ்சுக்கும் குடலுக்கும் நடுவே
ஒரு சவ்வுதான்;
தினமும் கிழிக்கிறானே.

அந்தச் சனி, இ மைனர்.
ஆறு கம்பியும் எஃகு, ஆட்டுக்குச் சம்பந்தமில்லை.
ஆனாலும் மூலை மேசையில்
அவனோடு பேச்சை நிறுத்தியிருந்த மோரக்
கோப்பையை வைத்துவிட்டு
வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.