நாற்பத்தொன்று

பெர்ரி கட்டணத்தில் இருபது காசு கூட்டச் சொன்னார்கள்.
இருபதே காசு.
கூட்டினேன்.
மோட்டார்சைக்கிள் வரிசையில் கேட் திறக்கவில்லை,
முதியோர் சலுகை மைனஸில் இறங்கியது,
கணக்குப் பிரிவின் மாத அறிக்கை
பக்கம் முழுக்கக் கேள்விக்குறிகளாக வந்தது.

பெங்காலான் வெல்டில், ஏசி பழுதான நாலாம் மாடியில்
அன்றிரவு எண்ண உட்கார்ந்தேன்:
ஒரு கிளாஸ் எத்தனை கிளாஸ்களின் பெயரைச் சொல்கிறது,
எத்தனை அதன் பெயரைச் சொல்கின்றன.
ஒருவரையே நூறு தடவை கூப்பிட்டாலும்
கணக்கில் ஒன்றுதான்.
நச்சரிப்புக்குத் தனி மதிப்பெண் கிடையாது.

அச்சுப்பொறி மூன்று.
வானிலை இரண்டு.
பயணச்சீட்டு
நாற்பத்தொன்று.

கல்யாண மண்டபத்துப் பெரியப்பா போல
எல்லா அறைச் சாவியும் அதன் இடுப்பில்.
பந்தியில் ஒரு வடை குறைந்தாலும்
அதைக் கேட்டுத்தான் அழ வேண்டும்.

மூன்று வாரம் அறுத்தேன்.
ஓட்டுநரின் விடுப்பு பயணச்சீட்டுக்கு எதற்கு?
எஞ்சின் எண்ணெயின் விலை எதற்கு?
இருபத்தாறு. பதினேழு.
ஒன்பதைப் பார்த்ததும் சியூ பெங்
கோப்பி வாங்கி வந்தாள், சீனி போடாமல்.
அவளிடம் நான் சொன்னதே இல்லை.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல்
குடித்துவிட்டேன்.

பிறகு அந்த மழை.
பட்டர்வொர்த் போகும் கடைசிப் படகு
நடுக்கடலில் வேகம் குறைத்து முனகியது.
உள்ளே பதினாறு பேர், ஈரக் குடைகள்,
ஒரு மீன் கூடை, நான்.
எதிர் பெஞ்சில் ஹைகல்.
ஊழியர் சம்பளக் கணக்கு அவன் எழுதியது,
படகு அட்டவணை நான் எழுதியது.
இரண்டு வருடமாக ஒரே படகு, ஒரு பேச்சும் இல்லை.
அவன் கிளாஸுக்கும் என் கிளாஸுக்கும் நடுவே
என் அளவையில் சுத்தமான பூஜ்யம்.
பெருமையாக அதற்குப் பச்சை நிறம் பூசியிருந்தேன்.

பன்னிரண்டு அடித்தது.
படகு இன்னும் கரை தொடவில்லை.

அவன் போன் அலறியது.
என் போனும்.

இரண்டு நிரல்களும், ஒன்றை ஒன்று அறியாமல்,
ஒரே பொய்யை நம்பியிருந்தன:
எந்தப் படகும்
கிளம்பிய நாளிலேயே கரை சேரும்.

மீன் கூடைக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தோம்.
அவன்தான் முதலில் கேட்டான்,
"உங்களுக்கும் தேதியா?"