ஒரே ஒரு கட்டம்

புந்தா அரெனாஸ் காற்றுக்கு
கதவைத் தட்டும் பழக்கம் கிடையாது.
ஜூனில் சன்னல்களுக்குப் பட்டி ஒட்டிவிட்டால்
செப்டம்பர்வரை அவையும் சுவர்தான்.
உள்ளே இருபத்தாறு முதியவர்கள்,
ஒருவர் இருமினால் அடுத்த வாரம்
ஒன்பது பேர் இருமுகிற காற்று.

எலியேசர் மான்சீயா முதலில் கொண்டுவந்தது
மூடுபனி இயந்திரம்.
"அறையைப் பூட்டு, பொத்தானை அழுத்து,
போய் மாத்தே குடி, யனீரா" என்றான்.
செவ்வாயன்று உணவுக்கூடத்தில் அழுத்தினோம்.
வெள்ளையாக, சத்தமில்லாமல் எழுந்தது.
நாங்கள் குவளையில் வெந்நீர் ஊற்றுவதற்குள்
கூரையிலிருந்த தீ எச்சரிக்கை மணி
ஊரைக் கூட்டிவிட்டது.

போர்வைகளோடு எல்லோரும் கார் நிறுத்துமிடத்தில்.
தோன்யா எடெல்மிரா மட்டும்
தொப்பி பறக்கப் பறக்கச் சிரித்தாள்:
பதினோரு மாதத்தில் இன்றுதான் வெளியே.

பனி அடங்கியபின் போய்
நாற்காலிக் கைப்பிடியின் அடியில் விரலை ஓட்டினேன்.
உலர்ந்திருந்தது.
மேலிருந்து விழுவதற்கு
அடியில் நடப்பது தெரியாது.
எழுந்திருக்கும்போது இவர்கள்
அடியில்தான் பற்றுகிறார்கள்.

அடுத்தது மின்னேற்றத் துப்பாக்கி.
நாள் வாடகை நாற்பதாயிரம் பேசோ.
துளிகள் தங்களுக்குள் ஆகாமல்
ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடி
நாற்காலியின் முதுகுப்புறம் போய் ஒட்டிக்கொள்கின்றன.
எலியேசருக்குக் காதலே வந்துவிட்டது.
காலி நாற்காலிகளைச் சுற்றிச் சுற்றி வந்தான்.
ஆனால் மேசையில் காய்ந்திருந்த கலஃபாத்தே ஜாம்
அப்படியே இருந்தது,
இப்போது பளபளப்பாக.
ஜாமின் மேல் போட்ட மருந்து
ஜாமைத்தான் காப்பாற்றும்.

மூன்றாவது,
என் மணிக்கட்டுக்குப் பழகிய கைப்புட்டி. ஒரு துணி.
முதலில் சோப்புநீர், பிறகு மருந்து.
பத்து நிமிடம் ஈரமாக இருக்கவேண்டும்
என்கிறது சீட்டு. ஈரம் இருக்கும்வரைதான் கொல்லும்,
காய்ந்தால் வெறும் வாசனை.
இந்த வீட்டின் வெப்பக் குழாய்களோ
நாலே நிமிடத்தில் எதையும் காயவைக்கும்.
ஆகவே தெளி, நில், மறுபடி தெளி.

ஒன்பதாம் அறை. தோன் ரோசமேல்
மருத்துவமனையில் இருக்கிறார்.
அவர் வானொலிமேல் நேராகத் தெளிக்கக் கூடாது,
துணியில் தெளித்துத்தான் துடைக்கவேண்டும்.
துடைத்தேன். திருகு நகர்ந்துவிட்டது.
எந்த நிலையம் என்று யாருக்கும் தெரியாது.
மீன் விலை, வானிலை, ஒரு பூசை,
அர்ஜென்டினாக்காரன் ஒருவனின் கோபம்,
கடைசியில் அக்கார்டியன் வந்தது.
இதுவாகத்தான் இருக்கும் என்று விட்டேன்.
அதற்குள் மேசை காய்ந்துவிட்டது.
மறுபடி தெளித்தேன்.

தலைமை அலுவலகப் படிவம் வந்திருக்கிறது:
மூன்றில் எந்த முறை? ஒன்றை மட்டும் குறிக்கவும்.
நான் ஓரத்தில் எழுதினேன்:
கூடத்துக்குத் துப்பாக்கி, சோப்புநீர் போட்டபின்,
எல்லோரும் தூங்கப் போனபின்.
அறைகளுக்குத் துணி; இன்னொரு ஆளும் வேண்டும்.
பனி இயந்திரத்தைத் திருப்பி அனுப்பவும்.
கட்டம் காலியாகவே இருந்தது.
எலியேசர் எட்டிப் பார்த்துவிட்டு
"சம்பளத்தை நிறுத்துவார்கள்" என்றான்.

எடெல்மிரா தினமும் கேட்கிறாள்,
அந்தப் பனி மறுபடி எப்போது என்று.
கோட்டைக் கதவருகே
மாட்டிவைத்திருக்கிறாள்.